பி.எட்.டா, எம்.எஸ்சி.யா, டேட்டா சயின்ஸா?

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். ஊட்டியில் பி.எஸ்சி. கணிதம். ஐந்தாவது செமஸ்டர் முடிந்து, ரிசல்ட்டும் வந்துவிட்டது. அரியர் இல்லை, மொத்தம் 80 சதவீதம். பள்ளிப் படிப்பு அரசுப் பள்ளியில், தமிழ் மீடியம். ரியல் அனாலிசிஸ் தாளில் 71. ஆனால் "புரிஞ்சு எழுதல சார், நோட்ஸை உருப்போட்டு எழுதினேன்" என்று அவரே சொல்லிவிட்டார். துணைப்பாடமாக வந்த புள்ளியியல் பிடித்திருந்ததாம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை, பி.எட். முடித்து டீச்சராகச் சொல்கிறார். கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் டேட்டா சயின்ஸ் என்கிறார். கல்லூரியில் ஒரு மேடம், ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி.க்கு முயற்சி செய் என்றிருக்கிறார். "மூணுல எது சார்?" என்பது கேள்வி.

அம்மா, முப்பது வருஷம் கல்லூரியில் கணக்கு நடத்திவிட்டு இப்போது குன்னூரில் வீட்டோடு இருக்கிறேன். இந்தக் கேள்வியை ஜூன் மாதம் தவறாமல் கேட்டிருக்கிறேன். நீங்கள் ஜனவரியிலேயே கேட்டது நல்லது. மூன்றில் எது என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த 71-ஐப் பார்க்க வேண்டும். உங்கள் மார்க் லிஸ்ட்டில் எனக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே எண் அதுதான். அதுவும் பொய் சொல்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் படித்த கல்லூரியில், பெயர் வேண்டாம், ஓரம் மஞ்சளித்த ஒரு நோட்டைப் பார்த்து ஆசிரியர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். நானும் உருப்போட்டேன், முதல் வகுப்பில் தேறினேன், எம்.எஸ்சி.யும் அப்படியே போனது. வேலைக்கு வந்து, சீரான தொடர்ச்சி என்பதை வகுப்பில் நடத்த நின்ற அன்றுதான் எனக்கே அது தெரியாது என்று தெரிந்தது. நீங்கள் யூனிஃபார்ம் கன்டினியூட்டி என்று படித்திருப்பீர்கள். எப்சிலான், டெல்டா, ஒவ்வொன்றுக்கும், ஏதேனும் ஒன்று என்று வரிசையாகப் போர்டில் எழுதினேன். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். ஒரு முகத்திலும் ஒன்றும் இல்லை. என் முகத்திலும்தான்.

வெளிச்சம் கிடைத்தது கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில். இரண்டு வாக்கியத்தைப் பாருங்கள். "ஒவ்வொரு ஹட்டிக்கும் ஒரு பஸ் இருக்கிறது." "ஒரு பஸ் இருக்கிறது, அது எல்லா ஹட்டிக்கும் போகும்." சொற்கள் ஏறக்குறைய அதேதான், வரிசைதான் வேறு. முதலாவது உண்மையாக இருந்து இரண்டாவது பொய்யாக இருக்கலாம் என்பது டிக்கெட் எடுத்துப் பழகிய யாருக்கும் தெரியும். முதலாவதுதான் தொடர்ச்சி: ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கென்று ஒரு டெல்டா, அதாவது சார்பின் மதிப்பு எப்சிலானுக்கு மேல் மாறாதபடி அந்தப் புள்ளியிலிருந்து நகரக்கூடிய தூரம். இரண்டாவது சீரான தொடர்ச்சி: ஒரே டெல்டா, எல்லாப் புள்ளிக்கும்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். டெல்டா என்பது வண்டியின் அகலம் என்று வையுங்கள். பெரிய வண்டி போகிற ரோட்டில் சின்ன வண்டியும் போகும். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில், ஒன்றை எண்ணால் வகுக்கும் சார்பை எடுத்தால், பூஜ்யத்தை நெருங்க நெருங்க ரோடு குறுகிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வண்டி உண்டு, ஆனால் எல்லா ஊருக்கும் நுழையும் வண்டி என்று ஒன்றைக் காட்ட முடியாது. இரு முனையும் சேர்ந்த, மூடிய இடைவெளி என்றால் கதை வேறு. அங்கே எல்லா ஊரையும் எண்ணி முடிக்கக்கூடிய சில வண்டிகளே சுற்றி வந்துவிடும். அந்தச் சிலவற்றில் ஆகச் சிறியது எதுவோ அது எல்லா ஊருக்கும் போகும். உங்கள் நோட்ஸில் ஹைன்–போரெல் என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடும் நிரூபணத்தின் எலும்பு இவ்வளவுதான். பாதி டெல்டா எடுக்கிற சில்லறை வேலை ஒன்று பாக்கி. அதை நீங்களே செய்யுங்கள்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம், தமிழ் மீடியத்தில் படித்தது குறை என்று நீங்கள் நினைப்பது கடிதத்தில் தெரிகிறது. தேர்வு ஆங்கிலத்தில்தான் இருக்கும், அது உண்மை. ஆனால் கணிதத்துக்கு வேண்டிய ஆங்கிலம் மொத்தம் இருநூறு சொல்லுக்குள் அடங்கிவிடும். மூன்று மாதத்தில் பழகலாம். யோசிப்பது எந்த மொழியில் தானாக வருகிறதோ அதில் யோசியுங்கள்.

இப்போது சோதனை. அப்ஸ்ட்ராக்ட் ஆல்ஜீப்ராவில் இந்தக் கணக்கை நீங்கள் போட்டிருப்பீர்கள்: ஒரு குலத்தில் (குரூப்) எந்த உறுப்பையும் அதனாலேயே பெருக்கினால் சமனி உறுப்பு, அதாவது எதனோடு பெருக்கினாலும் அதை மாற்றாத உறுப்பு, வருகிறது. அப்படியானால் அது எபீலியன் குலம் (பெருக்கும் வரிசையை மாற்றினாலும் விடை மாறாதது) என்று காட்டுக. மூன்று வரி. எந்த உறுப்பும் தனக்குத் தானே எதிர்மறை என்பதைப் பிடித்துக்கொண்டால் பெருக்கலின் வரிசை தானாக மாறிவிடும். சரி, உருப்போட்டே எழுதியிருந்தாலும் பரவாயில்லை. என் கேள்வி அடுத்தது. இரண்டு முறைக்குப் பதில் மூன்று முறை பெருக்கினால்தான் சமனி வருகிறது என்று வைத்தால், அப்போதும் எபீலியனாகத்தான் இருக்குமா?

ஒரு சனி, ஒரு ஞாயிறு. போனைத் தள்ளி வைத்துவிட்டு வெள்ளைத்தாளோடு உட்காருங்கள். விடை வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் மணி நேரத்தில் உங்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு வேண்டும். தூக்கம் வருகிறதா, எரிச்சல் வருகிறதா, இல்லை சாப்பிடக் கூப்பிட்டால் "தோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழாமல் இருக்கிறீர்களா?

விடையையும் சொல்லிவிடுகிறேன், முயன்ற பிறகு படியுங்கள். இருக்காது. மூன்றுக்கு மூன்று அணிகளை எடுங்கள். மூலைவிட்டத்தில் எல்லாம் 1, அதற்குக் கீழே எல்லாம் 0, மேலே உள்ள மூன்று இடத்திலும் 0, 1, 2 இவற்றில் எது வேண்டுமானாலும். கூட்டல் பெருக்கலை 3-இன் மட்டில், அதாவது 3-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்து, செய்ய வேண்டும். மூன்று இடம், இடத்துக்கு மூன்று எண், ஆக 27 அணிகள். எதையும் அலகு அணி கூட்டல் ஓர் எச்சம் என்று எழுதி மும்மடி எடுத்தால், நடுவில் வரும் இரண்டு உறுப்பிலும் 3 பெருக்கி நிற்கிறது, போய்விடும். எச்சத்தின் மும்மடியோ தானே பூஜ்யம். மிச்சம் அலகு அணி. ஆனால் இந்த 27-இல் இரண்டிரண்டாக எடுத்து முன்பின் மாற்றிப் பெருக்கிப் பாருங்கள், பல ஜோடிகளில் மேல் வலது மூலை ஒத்து வராது. இதைப் படித்ததும் "அட" என்று உள்ளுக்குள் ஏதோ ஆனால், எம்.எஸ்சி. கணிதம் உங்களுக்கு ஆகும். எனக்கு அது 29 வயதில் ஆனது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

"சரி, அதனால் என்ன" என்று தோன்றினால் அதுவும் தெளிவான விடைதான். அப்போது புள்ளியியல் பிடித்தது என்றீர்களே, அதைக் கொஞ்சம் கிளறுவோம். உங்கள் அப்பா பச்சைத் தேயிலை போடுகிறார். நாலு, நாலரைக் கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள். குன்னூர் ஏலத்தில் தூள் போன விலையை வைத்து மாதா மாதம் இலைக்கு ஒரு சராசரி விலை வருகிறது. "சராசரி ஏறிடுச்சுங்கறான், என் கைக்கு ஏன் ஏறல?" என்று அவர் ஒரு தடவையாவது சொல்லியிருப்பார். அந்தக் கேள்விக்குள் நிறை போட்ட சராசரி இருக்கிறது, பரவல் இருக்கிறது, உறைபனி விழுந்து இலை குறைந்த மாதத்தையும் மழை மாதத்தையும் ஒன்றாகச் சேர்க்கலாமா என்ற சிக்கல் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் நம் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்கு முந்தைய பதிவுகளை மட்டும் வைத்துப் பாலம் கட்டியவர் என்ன செய்திருக்க வேண்டும்? பார்க்காத உச்சத்தைப் பார்த்தவற்றிலிருந்து கணிப்பதற்கு ஒரு தனித் துறையே இருக்கிறது. இப்படிப்பட்ட கேள்வியில் உங்களுக்குச் சூடு பிறக்கிறதா என்று பாருங்கள். பிறந்தால் எம்.எஸ்சி. புள்ளியியல், கண்ணை மூடிக்கொண்டு.

கணிதத்தில் முடியாதவர்கள் புள்ளியியலுக்குப் போவார்கள் என்று ஒரு பேச்சு கல்லூரிகளில் உண்டு. சுத்த அபத்தம். சென்னைக்காரர் எஸ்.ஆர். ஸ்ரீனிவாச வரதன் 1959-இல் மாநிலக் கல்லூரியில் வாங்கிய பட்டம் புள்ளியியல் ஆனர்ஸ். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போனதும் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாடு படிக்கும் எண்ணத்தில். அங்கே கிடைத்த சகாக்கள் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்குள் இழுத்துவிட்டார்கள். 2007-இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு. அதற்காக நீங்களும் ஏபெல் வாங்குவீர்கள் என்று சொல்லவில்லை. பட்டத்தின் பெயர் அவரை எங்கேயும் கட்டிப்போடவில்லை என்று மட்டும்.

அக்கா வீட்டுக்காரர் சொல்லும் டேட்டா சயின்ஸ் விஷயத்தில் எனக்குப் பாதி சம்மதம். வேலை இருக்கிறது என்பது சரி. ஆனால் அந்தப் பெயரில் இன்று கல்லூரிக்குக் கல்லூரி ஒரு போர்டு தொங்குகிறது. சேரும் முன் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்து, எத்தனை தாள் லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு, புள்ளியியல் அனுமானம், ஆப்டிமைசேஷன் என்று எண்ணுங்கள். நான்கு செமஸ்டரில் ஐந்து தாளாவது தேறினால் சேரலாம். மென்பொருள் பெயராகவே தாள்கள் இருந்தால் அது ஆறு மாதக் கோர்ஸை இரண்டு வருஷத்துக்கு இழுத்தது. மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும், பின்னால் தனியாகக்கூடப் பழகலாம். நிகழ்தகவை வேலையில் சேர்ந்த பிறகு உட்கார்ந்து படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சென்னை சிறுசேரியில் இருக்கும் சி.எம்.ஐ.யில் (சென்னை கணிதவியல் நிறுவனம்) டேட்டா சயின்ஸ் எம்.எஸ்சி. உண்டு; மற்ற இடங்களின் பாடத்திட்டத்தை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே போதும், எது எப்படி என்று தெரிந்துவிடும்.

இனி தேதிகள். இங்கேதான் மலைப்பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள், புத்திக் குறைவால் அல்ல, யாரும் சொல்லாததால். மேடம் சொன்ன ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கு வாசல் ஜாம் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். ஆகவே இந்த வருஷ ஜாம் உங்களுக்கு இல்லை. மேடம் இதை ஜூலையில் சொல்லியிருக்கலாம், போகட்டும்.

மீதிக் கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. பி.ஜி. என்ற தேர்வு, திருவாரூரும் புதுச்சேரியும் அதில் வரும். தேர்வு வழக்கமாக மார்ச்சில் என்பதால் விண்ணப்பத் தேதியை இந்த வாரமே பாருங்கள். சி.எம்.ஐ.க்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கும் அவரவர் தேர்வு, வழக்கமாக மே மாதம். கடினமாகத்தான் இருக்கும், நோட்ஸில் இருந்து ஒரு கேள்வியும் வராது. ஆனால் நான் மேலே கேட்ட 27 அணிக் கணக்கு மாதிரிக் கேள்விகள் வரும். பழைய தாள்களை அவர்களே தங்கள் தளத்தில் போட்டிருக்கிறார்கள். மே வரை வாரத்துக்கு ஒன்று, விடையைப் பார்க்காமல்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால்? ஒரு வருஷம் வீட்டில் இருந்து ஜாமுக்குப் படிக்கிறேன் என்று சொல்லாதீர்கள். வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைக்கு ஹட்டியில் எத்தனை வேலை காத்திருக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஊட்டியிலோ கோவையிலோ எம்.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்துவிடுங்கள். எங்கே எம்.எஸ்சி. படித்தாலும் ஆராய்ச்சிக்கும் கல்லூரி வேலைக்குமான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதலாம், கேட் (GATE) எழுதலாம். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து ஆராய்ச்சியில் சேர்ந்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். அப்பாவிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள், வேறு எதையும்விட இது வேலை செய்யும். அப்படிச் சேர்ந்தால் எம்.டி.டி.எஸ். என்ற கோடைக் கணிதப் பயிற்சிக்கு முதல் வருஷமே விண்ணப்பியுங்கள். 1993-இலிருந்து நடக்கிறது, எஸ். குமரேசன் தொடங்கியது. நாலு வாரம் யாரும் நோட்ஸ் கொடுக்க மாட்டார்கள். கேள்வி கேட்டுக் கேட்டே உங்களைப் பேச வைப்பார்கள். அங்கே போய் வந்த என் மாணவர்கள் திரும்பி வந்து என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! அதற்கு முன் அவர்கள் கேள்வியே கேட்டதில்லை.

பணக் கணக்கு ஒன்று. நீங்கள் அரசுப் பள்ளியில் படித்தவர், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வந்துகொண்டிருக்கும். அது இளங்கலையோடு நின்றுவிடும். எம்.எஸ்சி. ஹாஸ்டல் செலவை அதை நம்பிப் போடாதீர்கள்.

அப்பா சொல்லும் பி.எட். பக்கம் வருகிறேன். அவர் சொல்வதில் தப்பில்லை, வரிசையில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. பி.எஸ்சி. முடித்த கையோடு பி.எட். இரண்டு வருஷம் படித்தால், டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள் தேறி, பிறகு போட்டித் தேர்வும் எழுதி, அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம். எம்.எஸ்சி. முடித்துவிட்டு பி.எட். படித்தால் அந்த வழியும் இருக்கும், மேல்நிலை வகுப்புக்கு முதுகலை ஆசிரியர் தேர்வும் இருக்கும். கல்லூரி வேலைக்கு எம்.எஸ்சி.யோடு நெட் அல்லது மாநில அளவிலான செட் வேண்டும், பி.எட். வேண்டாம். இரண்டு வருஷம் தள்ளிப்போகும், ஆனால் ஒன்றுக்கு மூன்று கதவு. வீட்டில் பண நெருக்கடி என்றால் மட்டும் பி.எட். முதலில், எம்.எஸ்சி.யை வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் முடித்தவர்கள் நிறையப் பேர்.

ஒன்று மட்டும். பாடம் புரியாமல் டீச்சராகாதீர்கள். நான் முதல் சில வருஷம் அந்தப் பாவத்தைச் செய்தவன். எனக்கு நோட்ஸ் கொடுத்தவரைத் திட்டிக்கொண்டே நானும் நோட்ஸ்தான் கொடுத்தேன். வண்டியும் ஹட்டியும் எனக்குத் தோன்றும் முன் என் வகுப்பில் இருந்து போனவர்கள் இன்று எங்கெங்கோ கணக்கு டீச்சர்களாக இருக்கிறார்கள். அவர்களிடம் படித்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம், யார் கண்டது.

மற்றவை சுருக்கமாக. எம்.சி.ஏ. இரண்டு வருஷம், டான்செட் என்ற நுழைவுத் தேர்வு வழி. நிரல் எழுதுவது பிடிக்கும் என்று நீங்கள் எங்கேயும் சொல்லாததால் விட்டுவிடுகிறேன். ஆக்சுவரி என்று இன்சூரன்ஸ் கணக்கு வேலை ஒன்று உண்டு. ஏசெட் என்ற நுழைவுத் தேர்வில் தொடங்கி ஏகப்பட்ட தாள்கள், ஒவ்வொன்றுக்கும் கட்டணம். நிகழ்தகவு கைவந்தால் பிறகு யோசிக்கலாம். டி.என்.பி.எஸ்.சி.க்கு எந்தப் பட்டமும் போதும்; அதற்காக எம்.எஸ்சி. படிப்பது காத்திருக்கும் இடத்துக்கு வாடகை கொடுப்பது மாதிரி.

கடைசியில் கேட்டிருந்தீர்களே, "ப்யூர் படிச்சா என்ன சார் பிரயோஜனம், அப்ளைடு எடுக்கட்டுமா" என்று. ஒரு ஞாயிறு ஊட்டிப் பக்கத்து முத்தோரைக்குப் போய் ரேடியோ டெலஸ்கோப்பை ரோட்டில் நின்றாவது பாருங்கள். 1970-இலிருந்து இயங்குகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளையச் சட்டங்கள். அதை ஏன் சரிவில் போட்டார்கள்? சமதளம் கிடைக்காததால் இல்லை. அந்த மலைச்சரிவு ஏறக்குறைய 11 பாகை. அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய 11 பாகை. வடக்குத் தெற்காகச் சரிவில் படுக்க வைத்தால் அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். பூமி ஓர் அச்சில் சுற்றுகிறது. டெலஸ்கோப்பையும் அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு மூலத்தை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். இணைகோடு, ஒத்த கோணம்: ஒன்பதாம் வகுப்பு வடிவியல். கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அப்படி ஒரு சரிவைத் தேடி இங்கே வந்து சேர்ந்தார்கள். இது ப்யூரா, அப்ளைடா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதுகலை முதல் வருஷத்தில் இந்தப் பிரிவினையே வராது. எல்லோருக்கும் அனாலிசிஸ், ஆல்ஜீப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ்தான். அந்தக் கவலையை ஒன்றரை வருஷம் தள்ளி வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. சி.யு.இ.டி. விண்ணப்பத் தேதி பார்ப்பது ஒன்று. அந்த 27 அணிகளில் எல்லாவற்றோடும் வரிசை மாற்றிப் பெருக்கினாலும் ஒத்துவருபவை எத்தனை என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுவது இன்னொன்று. கட்டபெட்டில் பஸ் மாறி குன்னூர் வந்தால் நேரிலேயே காட்டலாம். வெள்ளைத்தாள் என்னிடம் இருக்கிறது.